அறிவு வளர்ச்சி குன்றியோர் இல்லங்கள்

ஊர்ப் பெயர்கள் சிலவற்றுக்கு நேர்ந்த கதியை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. அலங்காநல்லூர் என்று சொன்னவுடன் தமிழ்நாட்டில் எவருக்கும் தை மாதமும் வாடிவாசலும் நினைவுக்கு வருகின்றன. அது என் ஊர். அப்பெயரைச் சொல்லும்போது எனக்குச் சற்றே நெஞ்சு நிமிர்கிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் சிரித்துவிடுவார்கள். வகுப்பில் ஒருவன் கேட்ட கேள்விக்கு மாறாக விடை கூறிவிட்டால் போதும், "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். மதுரைச் சீமையில் அதே பொருளில் ஏர்வாடியைச் சொல்வாரும் உண்டு. பாவம், அவ்வூர்கள் என்ன பிழை செய்தன!

இந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு பெரிய குழப்பம் அடங்கிக் கிடக்கிறது. பாடத்தை மெல்லக் கற்கும் பிள்ளையையும், மனநோயால் துன்புறுபவரையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒரே இடத்துக்குப் போகச் சொல்கிறோம். விளையாட்டாகச் சொல்லும் சொல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் குழப்பத்தை நம் நாட்டுச் சட்டமே நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்தது. அதனால் அடைபட்டுக் கிடந்தவர் பலர். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். மனநோய் என்பது இடையில் வருவது. நன்கு படித்து, தொழில் செய்து, குடும்பம் நடத்தி வந்த ஒருவருக்கும் அது வரலாம், மருத்துவத்தால் தணியலாம். அறிவு வளர்ச்சிக் குறையோ பிறவியிலோ பிள்ளைப் பருவத்திலோ அமைவது. நடத்தல், பேசுதல், எண்ணுதல், காசு கொடுத்துப் பொருள் வாங்குதல் முதலியவற்றைக் கற்கப் பிறரைக் காட்டிலும் நெடுநாள் ஆகும். சிலவற்றைக் கற்கவே இயலாமலும் போகும். காரணங்கள் பல. பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், தாயின் உணவில் அயோடின் குறைவு ஆகியவை சில. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866ஆம் ஆண்டு விவரித்த ஒருவகைக் குறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அத்தகைய குழந்தைகளின் உயிரணுக்களில் நாற்பத்தாறுக்குப் பதிலாக நாற்பத்தேழு குரோமோசோம்கள் இருப்பதை 1959இல் பிரெஞ்சு அறிஞர் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். முன்வினையும் சாபமும் இக்கணக்கில் எங்கும் வரவில்லை என்பதை நம் பாட்டிமாருக்கு நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனிக் கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் பித்தர்களுக்கென ஒரு விடுதியை ஏற்படுத்தினார். அது அவருடைய சொந்த முயற்சி. கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு வாடகை செலுத்தியது. காலம் செல்லச் செல்லப் பொறுப்பு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்திலிருந்த லோகாக் தோட்டத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தன. விடுதி அங்கே இடம் பெயர்ந்தது. 1922இல் பழைய பெயர் நீங்கி அரசாங்க மனநோய் மருத்துவமனை என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் அது மனநலக் கழகம் என வளர்ந்து, மாணவர்க்கு மருத்துவம் பயிற்றும் நிலையமாகவும் விளங்குகிறது. அங்கே உழைத்த மருத்துவர்களையும் செவிலியரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. குறை வேறோர் இடத்தில் இருந்தது.

அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டமும், பித்தர் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், புத்தி பேதலித்தவரையும் பிறவியிலேயே அறிவு குன்றியவரையும் ஒன்றாகச் சேர்த்து எழுதின. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே 1886இலேயே அறிவு குன்றியோருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1913இல் மற்றொன்று வந்தது. தம் நாட்டில் பிரித்துப் பார்த்த ஆட்சியாளர்கள் இங்கே பிரித்துப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மருத்துவமனையின் வாயிற்கதவு எப்போது வெளிப்பக்கம் திறக்கும்? நோய் தீர்ந்தபோது திறக்கும். நோயே இல்லாதவனுக்கு நோய் எப்படித் தீரும்? பத்து வயதில் உள்ளே சென்ற பிள்ளை, காய்ச்சல் தணிவதுபோல் ஒருநாள் தன் குறை தணிந்து வெளியே வருவான் என்று எதிர்பார்ப்பது வீண். அவனுக்குத் தேவை ஆசிரியர், கிடைத்ததோ காவலர். ஆகவே, யாரைக் குணப்படுத்த முடியாதோ அவரையே நெடுங்காலம் அடைத்து வைக்கும் நிலை, எவரும் திட்டமிடாமலே ஏற்பட்டுவிட்டது.

இத்தகையோருக்கு ஆசிரியர் தேவை என்ற எண்ணம் உலகில் எங்கே தோன்றியது? பிரான்சு நாட்டில் தோன்றியது. 1800ஆம் ஆண்டு அவேரோன் என்ற பகுதியின் காடுகளிலிருந்து பேச்சறியாத சிறுவன் ஒருவன் பிடிபட்டான். இட்டார் என்ற இளம் மருத்துவர் ஐந்தாறு ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்தார். அவன் பேசக் கற்கவில்லை. ஆனால் அன்பு செலுத்தவும், சில சொற்களைக் கண்ணால் கண்டு அறியவும் கற்றான். இட்டாரின் மாணவர் செகேன். அவர் 1840களில் பாரிசில் அறிவு குன்றிய குழந்தைகளுக்குக் கையாலும் கண்ணாலும் காதாலும் பயிற்சி அளிக்கும் முறையை வகுத்தார். தொட்டுப் பார்த்தல், தடவி அறிதல், பெரிது சிறிது என அடுக்குதல், பின்னரே எழுத்து. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார்களே, அதையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

செகேன் எழுதியதை அரை நூற்றாண்டுக்குப் பின் ஊன்றிப் படித்தவர் இத்தாலிய மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரி. 1900ஆம் ஆண்டை ஒட்டி ரோம் நகரில் அறிவு குன்றியவர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுக்கு அம்முறையில் கற்பித்தார். அவர்களிற் சிலர் பொதுப் பள்ளித் தேர்விலேயே வெற்றி பெற்றனர். எல்லோரும் அவரைப் புகழ்ந்தபோது அம்மையார் வேறொன்றை எண்ணினார்: இந்தக் குழந்தைகளே இவ்வளவு கற்கும்போது, குறையில்லாத குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுத்து வைத்திருக்க வேண்டும்! அந்த எண்ணத்தின் பயனாக 1907இல் அவருடைய குழந்தைகள் இல்லம் தோன்றியது. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாமல், சில ஆண்டுகள் நம் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். இன்று மதுரையில் வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் செல்லும் பள்ளிகளின் வாயிலில் மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். அந்த முறையின் வேர், எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைகளிடத்தில் இருக்கிறது. இதை அப்பள்ளிகளின் கட்டண அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை.

செகேன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் செல்வதற்குச் சற்று முன்பே, 1848இல், சாமுவேல் ஹவ் என்பவர் பாஸ்டன் நகரில் அறிவு குன்றிய இளைஞர்க்கு ஒரு பள்ளியை நிறுவியிருந்தார். பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். சில ஆண்டுகள் பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்புவதே நோக்கம். ஹவ் தீர்க்கதரிசி. 1866இல் வேறோர் ஊரில் பார்வையற்றோர் பள்ளியின் அடிக்கல் விழாவில் பேசியபோது, ஒரே வகைக் குறையுடையோரைப் பெருங்கூட்டமாக ஓரிடத்தில் சேர்த்து வைப்பது இயற்கைக்கு மாறானது, முறைகேட்டுக்கு இடந்தருவது என்று எச்சரித்தார். அடிக்கல் நாட்ட வந்தவரே அப்படிப் பேசினால் கூட்டத்தார் முகம் எப்படி இருந்திருக்கும்!

அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. பள்ளிகள் விடுதிகளாயின, விடுதிகள் ஊரளவு பெருகின. 1905இல் பிரெஞ்சு அறிஞர் பினே, பின்தங்கிய மாணவரைக் கண்டு உதவும் பொருட்டு அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். கடல் கடந்து சென்றதும் அதே சோதனை, யாரை அடைப்பது என்று தீர்மானிக்கும் அளவுகோலாக மாறிற்று. அறிவு குன்றியவர் எனக் கருதப்பட்டோருக்கு அவர் இசைவின்றியே கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

அந்தப் பாதை போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க் நகரின் ஸ்டாட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக். 1947இல் திறக்கப்பட்ட அந்த அரசாங்கப் பள்ளி 4,000 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1960களில் அங்கே 6,000 பேர் அடைந்து கிடந்தனர். உடையின்றி, பாடமின்றி, சுவரை நோக்கி அமர்ந்திருந்த குழந்தைகள்! அக்குழந்தைகளிற் பலருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியை வேண்டுமென்றே ஏற்றி மருத்துவ ஆராய்ச்சியும் நடத்தினர். 1965இல் ராபர்ட் கென்னடி முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்து, அது பாம்புப் புற்றுக்கு ஒப்பானது என்று வெளிப்படையாகக் கூறினார். 1972இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் உள்ளே நுழைந்து படம் எடுத்து நாட்டுக்குக் காட்டினார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975இல் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 1987இல் கடைசிக் குடியிருப்பாளரும் வெளியேறினார். அந்த நிலத்தில் 1993 முதல் ஒரு கல்லூரி நடைபெறுகிறது. செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த நாட்டிலே, பட்டப்பகலில், அரசாங்கச் செலவில் நடந்தது இது. ஏழை நாடு என்பதால்தான் நம்மிடம் குறைகள் என்று சொல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வில்லோபுரூக் அளவுக்குப் பெரிய இல்லங்கள் எழவில்லை. அதற்கு நம் கருணை காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலோரைக் குடும்பமே வைத்துக்கொண்டது என்பதுதான் காரணம். எப்படி வைத்துக்கொண்டது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

என் இளமையில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். பத்துக்கு மேல் அவருக்கு எண்ணத் தெரியாது. காலையில் தெருவிலுள்ள மாடுகளையெல்லாம் மலையடிவாரத்துக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வார், மாலையில் திரும்புவார். முப்பது மாடுகளில் ஒன்று பின்தங்கினாலும், எண்ணாமலே அறிந்து, திரும்பிச் சென்று அழைத்து வருவார். வீட்டுக்கு ஒரு வேளை கஞ்சி. மாட்டுப் பொங்கலன்று புது வேட்டி. கொம்புகளுக்கு வண்ணம் பூசும் உரிமை அவருடையது. எங்களில் எவரும் அவரைக் குறையுடையவர் என எண்ணியதில்லை. அதே ஊரில், நல்ல நிலபுலம் உடைய ஒரு வீட்டில், ஒரு பெண் இருந்தாள். அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்வரை, அவள் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோற் போருக்குப் பின்னே இருத்தப்பட்டாள். இப்படி ஒரு தங்கை இருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருமணத்துக்குப் பின்னரே தெரிந்தது. கிராமம் எல்லோரையும் அணைத்துக்கொண்டது என்று எழுதுவோர் முன்னவரை மட்டும் கண்டவர்கள்.

இதிலே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாடு மேய்க்கும் ஊரில் அவர் தொழிலாளி. பெரியாற்றுப் பாசனம் பெருகி, கரும்பு விளைந்து, சர்க்கரை ஆலை வந்து, உழவு இயந்திரம் வந்து, மேய்ச்சல் நிலம் சுருங்கியபின், அதே குணமும் அதே திறமையும் உடைய ஒருவருக்கு அவ்வூரில் செய்ய என்ன இருக்கிறது? கைப்பேசியில் பணம் செலுத்தும் காலத்தில் எண்ணத் தெரியாதவனின் குறை பெரிதாகிவிடுகிறது. குறை மனிதனிடம் பாதி, அவன் வாழும் உலகத்தில் பாதி.

குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்று வேண்டும் என்ற உணர்வு நம்மிடையே மெல்லத்தான் தோன்றியது. பம்பாயில் குழந்தைகள் உதவிச் சங்கத்தார் 1941இல் மான்கூர்டில் ஓர் இல்லம் அமைத்தனர். 1944இல் அதே நகரத்து ஜெய் வகீல் அம்மையார், டவுன் குறையுடன் பிறந்த தம் மகளை எந்தப் பள்ளியும் ஏற்காததால், தம் வீட்டிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முன்னின்று நடத்திய கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டுச் சங்கம் 1953இல் பாலவிகாரைத் தோற்றுவித்தது. அங்கே குழந்தைகள் மட்டுமல்லாமல் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றனர். பாலவிகார் இருப்பதும் கீழ்ப்பாக்கத்திலேதான். மருத்துவமனையும் பள்ளியும் ஒரே வட்டாரத்தில், சட்டத்துக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்த காலத்தில்! கீழ்ப்பாக்கம் என்று சிரிப்பவர்கள் எந்தக் கீழ்ப்பாக்கத்தைச் சொல்கிறார்கள் என்று இனிக் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கம் விழித்தெழ மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1984இல் மத்திய அரசு செகந்திராபாத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனத்தை அமைத்தது. இன்று அது வேறு பெயர் பூண்டுள்ளது. அடைத்து வைப்பதற்கென அமைக்கப்பட்டதன்று அது. ஆராய்ச்சிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உரியது. 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல குறைகள் ஒருங்கே அமைந்தோருக்காக மற்றொரு தேசிய நிறுவனம் தொடங்கிற்று. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளி யார் என்று கூறுமிடத்தில், அறிவு வளர்ச்சிக் குறை நீங்கலாக என்று தெளிவாக எழுதியது. 1912இல் இட்ட முடிச்சு, அச்சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அவிழ்ந்தது.

சட்டம் பிரித்துவிட்டது. மனிதர்கள் பிரித்தார்களா? 1994ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில், சிரூரிலிருந்த அரசாங்க இல்லம் ஒன்றைச் சேர்ந்த பெண்கள் பலருக்குப் புனே நகரில் கருப்பை நீக்கும் அறுவை செய்யப்பட்டது. மாதவிலக்குக் காலத்தில் அவர்களைத் தூய்மையாக வைத்துக்கொள்வது கடினம் என்பதே கூறப்பட்ட காரணம். கற்பிக்க வேண்டியதை அறுத்தெறிந்தார்கள். நாடெங்கும் மகளிர் அமைப்புகள் எதிர்த்து நின்றபின்னர் அது நின்றது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மனநோய்க்கு அருள் வேண்டிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அன்று ஏர்வாடி என்று சொல்லிச் சிரிக்க ஒருவருக்கும் வாய் எழவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் சிரிப்பு மீண்டும் வந்துவிட்டது.

இன்று சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. பிறரைப் போலவே சமூகத்தினுள் வாழும் உரிமை அவர்க்கு உண்டு என்பது அதன் 19ஆம் உறுப்பு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை கட்டணமில்லாக் கல்விக்கு வழி செய்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறிவு வளர்ச்சிக் குறையுடையோர் என நாட்டில் 15 இலட்சம் பேர் பதிவாயினர். தொழுவத்தில் இருத்தப்பட்டவர்கள் அக்கணக்கில் வந்தார்களோ, அறியேன். தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், 1975இல் முதுகுத்தண்டு அடிபட்டு உடல் செயலிழந்த இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், குழந்தையை இல்லத்துக்கு அழைக்காமல் கிராமத்துக்குப் பயிற்சியாளரை அனுப்பும் வழியைக் கைக்கொண்டுள்ளது. மருத்துவமனை, விடுதி, பள்ளி என்று இருநூறு ஆண்டு சுற்றிவந்த வரலாறு, இப்போது வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கிறது.

ஆனால் 18 வயதுக்குப் பின் என்ன? இப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் எவரிடம் பேசினாலும், மருத்துவம், பள்ளி எல்லாம் கேட்டு முடித்தபின், எழுந்து போகுமுன் ஒரு கேள்வி கேட்பார்கள்: எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்? இல்லங்கள் எல்லாம் தோன்றியது இக்கேள்வியிலிருந்துதான். இல்லங்களை மூடிவிட்டால் கேள்வி மூடிக்கொள்வதில்லை.

1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு ஒரு விடை தர முயன்றது. மாவட்டந்தோறும் ஒரு குழு: மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தார் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால், வயது வந்த பிள்ளைக்கும் காப்பாளரை இக்குழு நியமிக்கும். காப்பாளர் ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் குழுவிடம் அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் குழு அவரை விலக்கலாம். எங்கள் பக்கத்தில் வழக்கம் வேறு. தகப்பனார் இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்தை மூத்தவன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்பார். நிலம் பத்திரத்தில் இருக்கும்; அந்தச் சொல் பத்திரத்தில் இருக்காது. மூத்தவன் நல்லவனாகவே இருக்கலாம். அவனுக்குப் பிறகு அவன் மக்களை அந்தச் சொல் கட்டுமா? உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், விண்ணப்பத்தைப் படித்துக் காட்டவும் நிரப்பிக் கொடுக்கவும் படித்த பிள்ளை ஒருவன் அவர்களுக்கு வேண்டும். அலங்காநல்லூரிலிருந்து மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.